பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்புக்கு விண்ணப்பிக்கும் முன் பெற வேண்டிய மருத்துவப் பணி அனுபவம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிசிஷியன் அசிஸ்டென்ட் என்பவர் மருத்துவரோடு இணைந்து நோயாளிகளைப் பரிசோதித்துச் சிகிச்சை அளிக்க உரிமம் பெற்றவர். அமெரிக்காவில் இதற்கான பள்ளிகளில் சேர விரும்பும் தமிழ் மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் கேட்கும் கேள்விகளில், மதிப்பெண்ணைப் பற்றியவற்றைவிட ‘எத்தனை மணி நேரம் வேலை பார்த்திருக்க வேண்டும், எங்கே, எப்படி’ என்பவையே அதிகம். முதியோர் இல்லம் ஒன்றில் நர்சிங் அசிஸ்டென்டாக இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்த பிறகே நான் இந்தப் படிப்புக்குப் போனேன். பிற்பாடு பலருடைய விண்ணப்பங்களைப் படித்துத் திருத்தியும் கொடுத்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்தே கீழே உள்ள பதில்களை எழுதுகிறேன். ‘பி.ஏ.’ என்று சுருக்கினால் தமிழில் பட்டப்படிப்போ அமைச்சரின் உதவியாளரோதான் நினைவுக்கு வருவார்கள் என்பதால், பெயரை முழுமையாகவே எழுதியிருக்கிறேன்.

படிக்கப் போவதற்கு முன்பே அனுபவம் வேண்டும் என்று ஏன் கேட்கிறார்கள்? மருத்துவக் கல்லூரிகள் அப்படிக் கேட்பதில்லையே?

இதற்கான காரணம் இந்தத் தொழில் பிறந்த விதத்திலேயே இருக்கிறது. 1965-ஆம் ஆண்டில் வட கரோலினாவில் உள்ள டியூக் பல்கலைக்கழகத்தில் மருத்துவர் யூஜீன் ஸ்டெட் இந்தப் படிப்பைத் தொடங்கியபோது அவர் சேர்த்துக்கொண்ட முதல் நான்கு பேரும் அமெரிக்கக் கடற்படையில் மருத்துவப் பணியாளர்களாக இருந்து வெளியே வந்தவர்கள். காயத்துக்குத் தையல் போடவும், மருந்து கொடுக்கவும், பதற்றமான நேரத்தில் கை நடுங்காமல் வேலை செய்யவும் அவர்கள் ஏற்கெனவே கற்றிருந்தார்கள். ஆனால் ராணுவத்தை விட்டு வெளியே வந்ததும் அந்தத் திறமைக்கு ஏற்ற வேலை எதுவும் இல்லை. அவர்களில் மூவர் 1967 அக்டோபர் 6 அன்று படிப்பை முடித்தனர். 1969-இல் சியாட்டிலில் மருத்துவர் ரிச்சர்ட் ஸ்மித் தொடங்கிய ‘மெடெக்ஸ்’ திட்டமும் இப்படி ராணுவத்திலிருந்து வந்தவர்களை மனத்தில் வைத்தே உருவானது.

ஆகவே படிப்பின் நீளமும் அதற்கேற்பவே வகுக்கப்பட்டது. இன்றும் பெரும்பாலான பள்ளிகளில் படிப்பு ஏறத்தாழ 27 மாதங்கள்தான். அதில் முதல் ஓராண்டு வகுப்பறையிலும், மீதி மருத்துவமனைகளிலும் கிளினிக்குகளிலும் கழிகிறது. நோயாளியின் அறைக்குள் எப்படி நுழைவது, படுத்திருப்பவரை எப்படித் தொடுவது, நர்ஸிடம் எதை எப்போது சொல்வது என்பதையெல்லாம் சொல்லிக்கொடுக்க அந்தக் கால அளவில் இடம் இல்லை. மருத்துவர்களுக்குப் படிப்பு முடிந்த பிறகு ரெசிடென்சி என்னும் பல ஆண்டுப் பயிற்சி இருக்கிறது. பிசிஷியன் அசிஸ்டென்டுக்கு அப்படிக் கட்டாயப் பயிற்சி எதுவும் கிடையாது.

எத்தனை மணி நேரம் இருந்தால் போதும்?

அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் 300-க்கும் மேல் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு கணக்கு வைத்திருக்கிறது. சில பள்ளிகள் குறைந்தபட்சம் எதையும் விதிப்பதில்லை, சில 500 மணி நேரமும் சில 1,000 மணி நேரமும் கேட்கின்றன, வேறு சில 2,000 மணி நேரத்துக்குக் கீழே இருந்தால் விண்ணப்பத்தையே பிரிப்பதில்லை.

இந்த எண்களை நாட்காட்டியில் வைத்துப் பார்த்தால் தெளிவு பிறக்கும். வாரத்துக்கு 40 மணி நேரம் வீதம் ஓராண்டு முழுவதும் வேலை பார்த்தால் 2,080 மணி நேரம். மருத்துவமனைகளில் வழக்கமான பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டை வாரத்துக்கு மூன்று முறை பார்த்தால் ஆண்டுக்கு 1,872. கல்லூரியில் படித்துக்கொண்டே வார இறுதியில் ஒரே ஒரு பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் பார்ப்பவருக்கு, தேர்வு வாரங்களைக் கழித்துவிட்டால், ஆண்டுக்கு 500 தேறும். இதனால்தான் பட்டம் பெற்ற பிறகு ஓராண்டு இடைவெளி எடுத்து முழுநேரம் வேலை பார்ப்பது இங்கே பெரும் வழக்கமாக இருக்கிறது. நம் பெற்றோர்களுக்கு ‘ஒரு வருடம் வீணாகிறதே’ என்று தோன்றும். எனக்குத் தெரிந்தவரை அந்த ஓராண்டை வீண் என்று பின்னாளில் சொன்னவர் யாரும் இல்லை.

பள்ளி விதிக்கும் குறைந்தபட்சத்தை மட்டும் பார்த்துவிட்டு விண்ணப்பிப்பதுதான் நான் அடிக்கடி காணும் தவறு. பல பள்ளிகள் தாம் சேர்த்துக்கொண்ட மாணவர்களின் சராசரி மதிப்பெண்ணையும் சராசரி மணி நேரத்தையும் தம் இணையதளத்தில் வெளியிடுகின்றன. 500 கேட்கும் பள்ளியில் சேர்ந்தவர்களின் சராசரி அதைப்போல் பல மடங்காக இருப்பது சாதாரணம். அந்தச் சராசரியை அடிப்படையாகக் கொண்டே நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று பார்க்க வேண்டும்.

நோயாளி பராமரிப்பு அனுபவம், மருத்துவத் துறை அனுபவம், ஷேடோயிங் ஆகிய மூன்றுக்கும் என்ன வேறுபாடு?

பெரும்பாலான பள்ளிகளுக்கு ‘காஸ்பா’ என்னும் பொது விண்ணப்ப அமைப்பு வழியாகவே விண்ணப்பிக்கிறோம். அதில் அனுபவங்களைத் தனித்தனிப் பிரிவுகளில் பதிய வேண்டும். நோயாளியின் பராமரிப்புக்கு நீங்கள் நேரடியாகப் பொறுப்பேற்றுச் செய்யும் வேலை முதல் பிரிவில் சேரும். மருத்துவத் துறையில்தான் வேலை, நோயாளிகளைப் பார்க்கவும் பேசவும் செய்கிறீர்கள், ஆனால் பராமரிப்பின் பொறுப்பு உங்களிடம் இல்லை என்றால் அது இரண்டாவது பிரிவு. வரவேற்பு மேசையில் இருப்பது, மருந்துக் கடையில் மருந்து எடுத்துக் கொடுப்பது, நோயாளிகளுக்கு உணவுத் தட்டு கொண்டுபோய்க் கொடுப்பது போன்றவை இதில் அடங்கும். ஷேடோயிங் என்பது ஒரு மருத்துவரோடோ பிசிஷியன் அசிஸ்டென்டோடோ கூடவே இருந்து, எதையும் தொடாமல், அவர் வேலை செய்வதைப் பார்ப்பது மட்டும். அது முதல் இரண்டில் எதிலும் சேராது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. காஸ்பாவின் சொந்த விளக்கத்திலேயே நர்சிங் அசிஸ்டென்ட் வேலை முதல் பிரிவுக்கான எடுத்துக்காட்டுகளிலும் வருகிறது, ‘பணியின் தன்மையைப் பொறுத்து’ என்ற குறிப்போடு இரண்டாவதிலும் வருகிறது. வேலையின் பெயரை வைத்து முடிவு செய்ய முடியாது என்பதே இதன் பொருள். ஆகவே நீங்கள் விண்ணப்பிக்கப்போகும் ஒவ்வொரு பள்ளியும் எந்த வேலையை எந்தப் பிரிவில் வைக்கிறது என்பதை அந்தப் பள்ளியின் பக்கத்திலேயே படித்துப் பார்க்க வேண்டும். அங்கே தெளிவாக இல்லாவிட்டால் சேர்க்கை அலுவலகத்துக்கு இரண்டு வரியில் மின்னஞ்சல் எழுதிக் கேட்டு, வந்த பதிலைப் பத்திரப்படுத்திக்கொள்ள வேண்டும்.

எந்த வேலை சிறந்தது?

நோயாளியின் உடலுக்கு அருகில் இருப்பதும், நீங்கள் கவனிக்கத் தவறினால் யாருக்காவது தீங்கு நேரக்கூடியதும், மாலையில் உங்களைப் பற்றி ஒரு நர்ஸோ மருத்துவரோ ஒரு கருத்துச் சொல்லக்கூடியதுமான வேலையைத் தேர்ந்தெடுங்கள். அந்தக் கோணத்தில் பார்த்தால், மதிப்புக் குறைவாகப் பேசப்படும் நர்சிங் அசிஸ்டென்ட் வேலையை நான் மேலே வைப்பேன்.

அந்த வேலையின் ஒரு துண்டை மட்டும் சொல்கிறேன். தானாகப் புரண்டு படுக்க முடியாதவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபக்கம் திருப்பிவிட வேண்டும். திருப்பும்போது விளக்கைப் போட்டு, வால் எலும்பு இருக்கும் இடத்தையும், இடுப்பின் பக்கவாட்டையும், இரண்டு குதிகால்களையும் பார்க்க வேண்டும். சிவந்திருக்கும் இடத்தை விரலால் அழுத்தி எடுத்ததும் அது வெளுத்துப் பிறகு சிவந்தால் இரத்த ஓட்டம் இருக்கிறது. அழுத்தியும் வெளுக்காமல் அப்படியே சிவப்பாக நின்றால் அது படுக்கைப் புண்ணின் முதல் கட்டம், உடனே நர்ஸிடம் சொல்ல வேண்டும். நம்மைப் போன்ற கருத்த தோலில் அந்தச் சிவப்பு கண்ணுக்குப் புலப்படாமலே போகலாம். சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ குளிர்ந்தோ, கெட்டியாகவோ தளர்ந்தோ இருப்பதைக் கையால் தடவித்தான் அறிய வேண்டும். பாடநூலில் இது ஒரு பத்தி. அதிகாலை நான்கு மணிக்கு, எட்டாவது அறையில், போர்வையை விலக்கினால் கோபப்படும் ஒரு மூதாட்டியிடம் அதைச் செய்வதற்கு வேறு வகையான கல்வி தேவைப்படுகிறது. மலம் துடைப்பது, குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது எல்லாம் இதில் உண்டு. வீட்டில் சொல்லத் தயங்குவீர்கள் என்றால் தயங்குங்கள், ஆனால் அதற்காக இந்த வேலையை ஒதுக்காதீர்கள்.

மெடிக்கல் அசிஸ்டென்ட் வேலை பெரும்பாலும் புறநோயாளி கிளினிக்குகளில் பகல் நேரத்தில் நடக்கும். இரத்த அழுத்தம் பார்ப்பது, என்ன தொந்தரவு என்று விசாரித்துப் பதிவது, ஊசி போடுவது, ஈ.சி.ஜி. எடுப்பது என்று வேலை பரந்தது. அதே கிளினிக்கில் பிசிஷியன் அசிஸ்டென்டும் வேலை செய்தால் பரிந்துரைக் கடிதத்துக்கும் வழி பிறக்கும். கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் சான்றிதழ் இல்லாமலேயே, வேலையில் சேர்ந்த பிறகு பயிற்சி பெறலாம். வாஷிங்டன் மாநிலத்தில் மாநில அரசிடம் பதிவு இல்லாமல் முடியாது. வேலையில் சேருமுன் ‘எத்தனை நேரம் நோயாளியோடு, எத்தனை நேரம் தொலைபேசியோடு’ என்று கேட்டுவிடுங்கள். பெயர் மெடிக்கல் அசிஸ்டென்டாக இருந்து நாள் முழுவதும் காப்பீட்டு நிறுவனத்தோடு பேசிக்கொண்டிருந்தவர்களை எனக்குத் தெரியும்.

ஆம்புலன்ஸில் செல்லும் இ.எம்.டி. வேலைக்கு ஏறத்தாழ 150 முதல் 200 மணி நேரப் பயிற்சி. ஒரு கல்லூரிப் பருவத்தில் முடித்துவிடலாம். ஒரு நோயாளியைத் தனியாக மதிப்பிட்டு முடிவெடுக்கும் வாய்ப்பு தொடக்க நிலை வேலைகளில் இதில்தான் அதிகம். ஆனால் தனியார் ஆம்புலன்ஸ் நிறுவனங்களில் டயாலிசிஸ் முடித்தவரை வீட்டில் கொண்டுபோய் விடுவது போன்ற பயணங்களே பெரும்பகுதியாக இருக்கலாம். இ.எம்.டி. சான்றிதழோடு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் டெக்னீஷியனாகச் சேர முடிந்தால் அது மிக நல்ல இடம்.

இரத்தம் எடுக்கும் ஃபிளெபாட்டமிஸ்ட் வேலையைப் பல பள்ளிகள் முழுமையாக ஏற்கின்றன. கைத்திறனும் ஒழுங்கும் அதில் படியும். வெளிர் நீல மூடிக் குழாய் முதலில், ஊதா மூடி பின்னால் என்ற வரிசை ஏன் என்று கேட்டால், ஊதா மூடிக் குழாயில் உள்ள, இரத்தம் உறையாமல் தடுக்கும், பொட்டாசியம் கலந்த இ.டி.டி.ஏ. அடுத்த குழாய்க்குள் சிறிது போய்விட்டாலும் பொட்டாசியம் அளவு பொய்யாகக் கூடியும் கால்சியம் பொய்யாகக் குறைந்தும் காட்டும் என்று சொல்லத் தெரிந்த ஃபிளெபாட்டமிஸ்ட் நேர்முகத்தில் தனித்துத் தெரிவார். ஒரே குறை, ஒரு நோயாளியோடு ஐந்து நிமிடத்துக்கு மேல் இருக்க முடியாது. கலிஃபோர்னியா, லூசியானா, நெவாடா, வாஷிங்டன் ஆகிய மாநிலங்களில் இதற்கு மாநில உரிமமோ சான்றிதழோ வேண்டும்.

ஸ்கிரைப் வேலை கணக்கில் வருமா?

மருத்துவர் நோயாளியோடு பேசும்போது அருகில் இருந்து குறிப்புகளைக் கணினியில் பதிபவரே ஸ்கிரைப். நோயை எப்படி யோசித்துப் பிடிக்கிறார்கள் என்பதை இதைவிட அருகில் பார்க்க முடியாது. ஆனால் கை நோயாளியைத் தொடுவதில்லை. காஸ்பாவின் விளக்கம் இதை மருத்துவத் துறை அனுபவத்தில்தான் வைக்கிறது. சில பள்ளிகள் மட்டும் பராமரிப்பு அனுபவமாக ஏற்கின்றன. ஸ்கிரைப் வேலையை மட்டுமே நம்பி விண்ணப்பித்தால் உங்கள் பள்ளிப் பட்டியல் பாதியாகச் சுருங்கிவிடலாம். ஓராண்டு நர்சிங் அசிஸ்டென்ட், ஆறு மாதம் ஸ்கிரைப் என்ற கலவை நன்றாக அமையும்.

நர்சிங் அசிஸ்டென்ட் பயிற்சிக்கு எவ்வளவு செலவாகும்?

செலவே இல்லாமலும் படிக்கலாம். மத்திய அரசின் விதிப்படி பயிற்சி குறைந்தது 75 மணி நேரம் இருக்க வேண்டும். மாநிலங்கள் அதைக் கூட்டிக்கொள்ளலாம், கலிஃபோர்னியாவில் 160 மணி நேரம். அரசுக் காப்பீட்டுப் பணம் பெறும் முதியோர் இல்லம் ஒன்று உங்களை வேலைக்கு எடுத்துக்கொண்டு பயிற்சிக்கு அனுப்பினால் அதற்காக உங்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது. சொந்தப் பணத்தில் படித்துவிட்டு 12 மாதங்களுக்குள் அத்தகைய இல்லத்தில் சேர்ந்தாலும் செலவைத் திரும்பப் பெற வழியிருக்கிறது. இதைத் தாமாக எடுத்துச் சொல்லும் இல்லங்கள் குறைவு. நீங்கள்தான் கேட்க வேண்டும்.

நான் எஃப்-1 விசாவில் படிக்கிறேன். என் தோழி எச்-4 விசாவில் (எச்-1பி போன்ற வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தினருக்கானது) இருக்கிறாள். நாங்கள் எப்படி அனுபவம் பெறுவது?

எஃப்-1 மாணவர் படிப்புக் காலத்தில் கல்லூரி வளாகத்துக்குள் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். பல்கலைக்கழக வளாகத்தில் மாணவர் நல மையம் இருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள். வெளியே வேலை பார்க்க சி.பி.டி. (பாடத்திட்டத்தின் பகுதியான பயிற்சி வேலை) அல்லது ஓ.பி.டி. (படித்த துறையில் தற்காலிகப் பயிற்சி வேலை) அனுமதி வேண்டும், அந்த வேலையும் நீங்கள் படித்த பாடத்தோடு நேரடித் தொடர்புள்ளதாக இருக்க வேண்டும். உயிரியல் பட்டத்துக்கும் இந்த வேலைக்கும் உள்ள தொடர்பை எழுத்தில் விளக்க வேண்டியிருக்கும் என்பதால், வேலையை ஒப்புக்கொள்ளுமுன் உங்கள் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் பேசிவிடுங்கள்.

எச்-4 விசாவில் வேலை அனுமதி அட்டை, குறிப்பிட்ட நிபந்தனைகளோடு, கணவனுக்கோ மனைவிக்கோ மட்டுமே கிடைக்கும், பிள்ளைகளுக்குக் கிடையாது. பிள்ளைகளுக்கு 21 வயதானதும் எச்-4 நிலையே முடிந்துவிடுகிறது. ஆகவே எச்-4-இல் இருக்கும் பிள்ளைகளுக்கு மருத்துவமனைத் தன்னார்வப் பணியும் ஷேடோயிங்கும்தான் மிஞ்சுகின்றன. இங்கே ஓர் எச்சரிக்கை: சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்யும் வேலையைச் சம்பளம் வாங்காமல் செய்தால் அது தன்னார்வப் பணி ஆகிவிடாது, அனுமதியில்லா வேலையாகக் கருதப்படலாம். குடும்ப நண்பரின் கிளினிக்கில் ‘சும்மா உதவுவதாக’ மெடிக்கல் அசிஸ்டென்ட் வேலை பார்ப்பது இந்த வகையில் வரும். சில பள்ளிகள் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்களை மட்டுமே சேர்த்துக்கொள்கின்றன என்பதையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். 2,000 மணி நேரம் சேர்த்த பிறகு அதைத் தெரிந்துகொள்வது கொடுமை.

இந்தியாவில் பிசிஷியன் அசிஸ்டென்ட் படித்து வேலை பார்த்திருக்கிறேன். அது போதாதா?

இந்தியாவில் இந்தப் படிப்பு சென்னையில்தான் வேர்விட்டது. 1992-இல் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் இதய அறுவை மருத்துவர் கே.எம். செரியன் அதைத் தொடங்கினார். தமிழ்நாட்டில் இன்று பல கல்லூரிகளில் பி.எஸ்சி. பட்டமாக இருக்கிறது. ஆனால் அமெரிக்காவில் உரிமம் பெறத் தேவையான ‘பான்ஸ்’ தேர்வை, அமெரிக்காவின் ‘ஆர்க்-பி.ஏ.’ அங்கீகாரம் பெற்ற பள்ளியில் படித்தவர்கள் மட்டுமே எழுத முடியும். எம்.பி.பி.எஸ். மருத்துவருக்கும் இதுவே விதி. இங்கே முதலிலிருந்து படிக்கத்தான் வேண்டும்.

ஆனால் அங்கே வேலை பார்த்த மணி நேரம் வீணாவதில்லை. நர்ஸாகவோ பிசியோதெரபிஸ்டாகவோ மருத்துவராகவோ இந்தியாவில் பணியாற்றியதைப் பல பள்ளிகள் நோயாளி பராமரிப்பு அனுபவமாக ஏற்கின்றன. அமெரிக்காவில் பெற்ற அனுபவத்தையே கேட்கும் பள்ளிகளும் உண்டு. மருத்துவமனையின் முகவரித் தாளில், பதவி, தேதிகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்னென்ன பணிகள் என்று எழுதிக் கையெழுத்திட்ட சான்றுக் கடிதத்தை ஊரை விட்டுக் கிளம்புமுன்னரே வாங்கிவிடுங்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து அங்கே உங்களை நினைவில் வைத்திருப்பவரைத் தேடி அலைய நேரும்.

கோடை விடுமுறையில் ஊருக்குப் போய் மருத்துவ முகாம்களில் உதவினால் கணக்கில் சேருமா?

தன்னார்வப் பணியாகச் சேரும். ஆனால் இங்கே உங்களுக்குச் செய்ய அனுமதியில்லாத எதையும் அங்கே ‘யாரும் கேட்க மாட்டார்கள்’ என்பதற்காகச் செய்யாதீர்கள். பயிற்சி இல்லாமல் ஊசி போட்டதையும் தையல் போட்டதையும் பெருமையாக எழுதிய விண்ணப்பங்களைப் படித்திருக்கிறேன். சேர்க்கைக் குழுவில் இருப்பவர்கள் அதைத் துணிச்சலாகப் படிப்பதில்லை. பெயர் பதிவது, எடை பார்ப்பது, வரிசையில் நிற்கும் முதியவருக்கு நாற்காலி தேடிக் கொடுப்பது ஆகியவற்றை உள்ளபடி எழுதினாலே போதும்.

வேலையில் சேருமுன் என்ன தடுப்பூசிகள் கேட்பார்கள்?

தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா, சின்னம்மை ஆகியவற்றுக்கான சான்று கேட்பார்கள். இரத்தத்தைக் கையாளும் வேலை என்றால் ஹெபடைட்டிஸ்-பி தடுப்பூசியை முதலாளியே இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி. காசநோய்ப் பரிசோதனை கட்டாயம். இந்தியாவில் பிறந்தவர்கள் குழந்தையிலேயே பி.சி.ஜி. என்னும் காசநோய்த் தடுப்பூசி போட்டிருப்போம் என்பதால், தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனை நோய் இல்லாமலேயே இருப்பதாகக் காட்டிவிடக்கூடும். ‘பி.சி.ஜி. போட்டிருக்கிறேன், இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்’ என்று முதலிலேயே சொல்லிவிட்டால், தேவையில்லாத எக்ஸ்ரேயும் இரண்டு வார அலைச்சலும் மிச்சமாகும்.

மருத்துவமனையில் தமிழ் மட்டும் தெரிந்த நோயாளி வந்தால் என்னை மொழிபெயர்க்கச் சொல்கிறார்கள். செய்யலாமா? அதை விண்ணப்பத்தில் எழுதலாமா?

‘தண்ணீர் வேண்டுமா, குளிர்கிறதா’ என்று கேட்பதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. ஆனால் நோயைப் பற்றிய விசாரிப்புக்கும் ஒப்புதல் கையெழுத்துக்கும் தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியிலோ காணொளியிலோ அழைப்பதே முறை. காரணம் எளிது. ‘நெஞ்சு கரிக்குது’ என்று ஒரு பாட்டி சொன்னால் அது பெரும்பாலும் புளித்த ஏப்பத்தோடு வரும் எரிச்சல். ‘நெஞ்சை அடைக்குது’ என்றால் அது வேறு. இரண்டையும் ‘நெஞ்சு வலி’ என்று ஒரே சொல்லில் ஆங்கிலப்படுத்திவிடும் பிள்ளைகள் நிறைய. பயிற்சி பெறாதவரின் வாயில் ஒரு சொல் மாறினால் விளைவு யார் தலையில் விழும் என்பதை யோசித்து, ‘நான் தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளர் இல்லை’ என்று பணிவாகச் சொல்லுங்கள். பாட்டியின் பக்கத்தில் நின்றுகொண்டு அதைச் சொல்லலாம். விண்ணப்பத்தில் எழுதத் தக்கது அந்தத் தருணம்தான்.

ஷேடோயிங்குக்கு ஆள் கிடைப்பதில்லையே?

மருத்துவமனைகளுக்குப் பொதுவாக எழுதினால் பதில் வராது. நீங்கள் வேலை பார்க்கும் இடத்திலேயே கேட்பதுதான் விரைவான வழி. உங்கள் குடும்ப மருத்துவரின் கிளினிக்கில் பிசிஷியன் அசிஸ்டென்ட் இருந்தால் அடுத்த முறை போகும்போது நேரில் கேளுங்கள். வெவ்வேறு துறைகளில் இரண்டு மூன்று பேரோடு மொத்தம் 40 மணி நேரம் இருந்தாலே நேர்முகத்தில் பேசப் போதுமான விஷயம் கிடைத்துவிடும்.

மணி நேரத்தை எப்படிப் பதிவது?

முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் எழுதுங்கள். தேதி, ஷிஃப்ட் நேரம், உணவு இடைவேளை கழித்த மணி நேரம், எந்தப் பிரிவு, அன்று புதிதாகச் செய்த ஒன்று. சம்பளச் சீட்டை அதோடு வைத்துக்கொள்ளுங்கள். மேற்பார்வையாளரின் தொடர்பு விவரத்தைக் காஸ்பா கேட்கும். பள்ளி அவரை அழைத்துச் சரிபார்க்கலாம்.

ஒரே மணி நேரத்தை இரண்டு பிரிவுகளில் காட்டக் கூடாது. வாரத்துக்கு 40 மணி நேர வேலையில் 30 மணி நேரம் நோயாளிகளோடும் 10 மணி நேரம் முன் மேசையிலும் கழிந்தால், அதே வேலையை இரண்டு பதிவுகளாகப் பிரித்து எழுதலாம். வேலை தொடர்ந்தாலும் சமர்ப்பிக்கும் நாள்வரை பார்த்த மணி நேரத்தை மட்டுமே எழுதுங்கள். இனி பார்க்கப்போகும் நேரத்தைக் கணக்கில் எடுப்பதும் எடுக்காததும் பள்ளியின் விருப்பம்.

ஒவ்வொரு வேலையையும் விவரிக்க உங்களுக்குக் கிடைப்பது 600 எழுத்துகள்தான், இடைவெளியையும் சேர்த்து. ‘நோயாளிகளை அன்போடு கவனித்துக்கொண்டேன்’ என்பது எவருக்கும் எதையும் சொல்லாத வாக்கியம். ‘நினைவிழப்பு நோயாளிகளுக்கான 28 படுக்கைப் பிரிவில், ஷிஃப்டுக்கு ஒன்பது பேருக்குப் பொறுப்பு, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துப் பதிவது, உட்கொண்டதையும் வெளியேறியதையும் அளப்பது, விழும் அபாயமுள்ள இருவரை நடக்கவைப்பது, மாற்றங்களை நர்ஸிடம் தெரிவிப்பது’ என்ற முறையில் எழுதினால், படிப்பவர் உங்களை அந்த வராந்தாவில் நிற்கவைத்துப் பார்த்துவிடுவார்.

எப்போது தொடங்குவது?

காஸ்பா ஆண்டுதோறும் ஏப்ரல் இறுதியில் திறக்கிறது. பல பள்ளிகள் விண்ணப்பம் வர வர இடங்களை நிரப்புவதால் கடைசித் தேதிவரை காத்திருப்பது நல்லதல்ல. கல்லூரியின் முதலாண்டுக் கோடையில் நர்சிங் அசிஸ்டென்ட் பயிற்சியை முடித்து, வார இறுதிகளில் வேலை பார்த்து, பட்டம் பெற்றதும் ஓராண்டு முழுநேரம் பார்த்துவிட்டு விண்ணப்பிப்பவருக்கு மூச்சுவிட நேரம் இருக்கும். ஆனால் வேதியியல் பாடம் சறுக்கத் தொடங்கினால் ஷிஃப்டைத்தான் குறைக்க வேண்டும். 4,000 மணி நேரம் வைத்திருந்தும் அறிவியல் மதிப்பெண் குறைந்ததால் நேர்முகத்துக்கே அழைக்கப்படாதவர்கள் உண்டு. மணி நேரத்தை அடுத்த ஆண்டும் சேர்க்கலாம், பாடத்தில் வாங்கிய ‘சி’ கிரேடு ஏட்டில் நிலைத்துவிடும்.

பரிந்துரைக் கடிதம் யாரிடம் வாங்குவது?

உங்கள் வேலையைக் கண்ணால் பார்த்தவரிடம். ஒரு பிசிஷியன் அசிஸ்டென்ட் எழுதினால் நல்லது, சில பள்ளிகள் அதைக் கட்டாயமாகவே கேட்கின்றன. உறவினரான மருத்துவரின் கடிதம், அவர் எத்தனை பெரியவராக இருந்தாலும், உங்களுக்கு உதவாது. உங்களோடு இரவு ஷிஃப்ட் பார்த்த தலைமை நர்ஸின் அரைப்பக்கக் கடிதம் அதைவிட மேலானது.

நேர்முகத்தில் நோயாளிகளைப் பற்றிப் பேசலாமா?

பேச வேண்டும், அதற்காகத்தான் அழைக்கிறார்கள். ஆனால் 1996-இல் இயற்றப்பட்ட ‘ஹிப்பா’ சட்டத்தின்படி நோயாளியை அடையாளம் காட்டும் எதையும் வெளியே சொல்லக் கூடாது. பெயரை மட்டும் மறைத்துவிட்டு ஊரையும் வயதையும் அபூர்வமான நோயையும் சொன்னால் மறைத்ததாக ஆகாது. ‘எழுபதைத் தாண்டிய ஒருவர்’ என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

‘நீங்கள் செய்த தவறு ஒன்றைச் சொல்லுங்கள்’ என்ற கேள்வி அநேகமாக வரும். என்னிடம் கேட்டபோது, ஒருவருக்கு இரத்த அழுத்தம் வழக்கத்தைவிடக் குறைவாக இருந்ததை எண்ணாகப் பதிந்துவிட்டு, நர்ஸிடம் வாயால் சொல்லாமல் அடுத்த அறைக்குப் போன இரவைச் சொன்னேன். அரை மணி நேரம் கழித்து நினைவு வந்து ஓடிப்போய்ச் சொன்னதையும், அன்றுமுதல் வழக்கத்துக்கு மாறான எண்ணைக் கண்டால் நர்ஸைப் பார்க்காமல் அடுத்த கதவைத் திறப்பதில்லை என்பதையும் சொன்னேன். எதிரே இருந்தவர் அதற்குப் பிறகு கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: ‘நர்ஸ் என்ன சொன்னார்?’ நோட்டில் எழுதி வைத்திருந்ததால் அதற்கும் என்னிடம் பதில் இருந்தது.